கான் அந்தோணியும் சோழர் யாளியும்

சிட்னியில் தொள்ளாயிரம் ஆண்டுப் பழைமையான தேவாலயம் ஒன்று இருக்கிறதாம். அதன் சுவரில் சோழச் சிற்பி ஒருவன் செதுக்கிய யாளி இருக்கிறதாம். வெள்ளைக்காரர்கள் இவ்வளவு காலமும் அதை மறைத்து வைத்திருந்தார்களாம். இந்தச் செய்தி வாட்ஸப்பில் இரண்டே நாளில் ஏழு பேரிடமிருந்து எனக்கு வந்தது. ஏழிலும் கடைசி வரி ஒன்றுதான்: உண்மைத் தமிழன் இதைப் பத்துப் பேருக்கு அனுப்புவான். ஏழாவது ஆள் என் பல் வைத்தியர். அவர் மலையாளி.

படமும் இருந்தது. செங்கல் சுவரில் பதித்த ஒரு சதுரக் கல். மேலே கொம்பும் கொடியும் பின்னிய தலை, அதன் நடுவே துளைத்த கண், கண்ணுக்குக் கீழே வளைந்து இறங்கும் துதிக்கை, துதிக்கையின் நுனியில் ஒரு மொட்டு. மழையில் கரைந்து மூக்கு முழி மங்கியிருந்தாலும் கோயில் தூணைப் பார்த்து வளர்ந்த எவனும் யாளி என்றுதான் சொல்வான். நானும் சொன்னேன்.

வயதுதான் இடித்தது. இந்த நாட்டில் மனிதர்கள் பல்லாயிரம் ஆண்டுகளாக வாழ்கிறார்கள். ஆனால் கல்லை அடுக்கிக் கோபுரம் எழுப்பி உள்ளே போய் முழங்காலில் நிற்க வேண்டிய தேவை அவர்களுக்கு ஏற்படவில்லை. கப்பலில் வந்தவர்கள் கட்டிய தேவாலயங்களில் மூத்ததற்கே வயது இருநூறைத்தான் தாண்டியிருக்கிறது. நூறு வயதான கழிப்பறைக்குக் கூட வேலி போட்டுப் பலகை நட்டு வைக்கும் ஊர் இது. தொள்ளாயிரம் வயதில் ஒன்று இருந்திருந்தால் பக்கத்தில் காசு வாங்குமிடமும் காப்பிக் கடையும் எப்போதோ வந்திருக்கும்.

ஒரு சனிக்கிழமை காலையில் புறப்பட்டேன். பிளாக்டவுனைத் தாண்டி, ரயில் பாதையை ஒட்டிய ஒரு சின்னப் பகுதி. பெயரைச் சொல்வதாக இல்லை. அதற்கான காரணம் போகப்போகத் தெரியும். கார் உடைக்கும் கடைக்கும் குழந்தைகள் காப்பகத்துக்கும் நடுவே அந்தத் தேவாலயம் நின்றது. உருண்டை வளைவுகள், குட்டி யன்னல்கள், தடித்த சுவர், தலையில் தொப்பி போட்ட ஒரு கட்டைக் கோபுரம். பாரிஸ் போகும் வழியில் ரயில் மாறி ஏறிவிட்ட விவசாயியைப் போல இருந்தது.

வாசலில் அந்தோணி நின்றார். சட்டைப் பையில் பெயர்ப்பட்டை: அந்தோணி, வழிகாட்டி.

அறுபத்தெட்டு வயது. யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்கர். எண்பத்தொன்பதில் வந்தவர். அந்தத் தேவாலயப் பங்கில் தமிழ் அந்தோணிமார் மட்டும் ஐந்து பேர். டொக்டர் அந்தோணி, வீடு விற்கிற அந்தோணி, கேட்டரிங் அந்தோணி, பாட்டுக்கார அந்தோணி, ஐந்தாவதாக இவர். இவர் கான் அந்தோணி. யாழ்ப்பாணத்தில் வடிகாலைக் கான் என்பார்கள். இவர் கொங்கிரீட் குழாய்க் கொம்பனி ஒன்றில் முப்பத்தொரு வருஷம் படம் வரைந்தவர். மேற்கு சிட்னியில் நீங்கள் எந்த மழையில் நனைந்தாலும் அந்தத் தண்ணீர் கடைசியில் இவர் வரைந்த ஏதோ ஒரு கானுக்குள்தான் போய்ச் சேரும். அதற்காக அவருக்கு யாரும் மாலை போடவில்லை. கலியாண வீடுகளில் புது ஆட்களுக்கு அவரை அறிமுகப்படுத்தும்போது, "இவர் எஞ்சினியர் இல்லை, படம் மட்டும் வரையிறவர்" என்று ஒரு சத்தியக் கடதாசி போலச் சொல்லிவிடுவார்கள்.

ஆறு வருஷத்துக்கு முன் ஓய்வு பெற்றார். பங்குத்தந்தை வியட்நாம்காரர், நல்ல மனிதர், யாரைப் பார்த்தாலும் ஒரு வேலை கொடுப்பவர். அந்தோணிக்கு இந்தப் பெயர்ப்பட்டையைக் கொடுத்தார். அன்றோடு கான் போய்விட்டது. பிள்ளைகள் கைட் அங்கிள் என்றார்கள். டொக்டர் அந்தோணியே தன் விருந்தாளிகளைக் கூட்டிவந்து, "இவர்தான் எங்கட ஹிஸ்டரி ஆள்" என்று காட்டினார். அந்தோணி அந்தப் பட்டையைக் குத்திக்கொண்டே பிளாக்டவுனுக்கு மரக்கறி வாங்கப் போவதாகக் கேள்வி. நானே பின்னொரு நாள் பார்த்தேன். முருங்கைக்காய் தெரிந்தெடுத்துக்கொண்டிருந்தார், பட்டை மின்னியது.

சுற்றிக் காட்டத் தொடங்கினார். முதலில் சுவர். கையால் அதைத் தட்டிவிட்டு, "இந்த ரோமனெஸ்க் பாணி எண்டால் என்ன தெரியுமே? பயத்தில கட்டினது" என்றார்.

தொடர்ந்து அவர் விளக்கியதன் சாரம் இது. ஆயிரம் வருஷத்துக்கு முன் ஐரோப்பாவில் மரக்கூரைகள் அடிக்கடி எரிந்தன. அதனால் கல்லிலேயே கூரை போட்டார்கள். பீப்பாயைப் பாதியாக அறுத்துக் கவிழ்த்து வைத்தது போன்ற கூரை. அந்தப் பாரம் சுவரை வெளிப்பக்கமாகத் தள்ளும். சுவர் சாய்ந்துவிடுமோ என்று பயந்து ஒன்றரை மீட்டர் தடிப்பில் சுவர் எழுப்பினார்கள். பெரிய யன்னல் வைத்தால் சுவர் பலவீனமாகிவிடுமோ என்று பயந்து பொந்து போல யன்னல் வைத்தார்கள். உள்ளே இருட்டு. இருட்டில் சனத்துக்கு நித்திரை வந்துவிடுமோ என்று பயந்து தூண் தலைகளிலும் கதவின் மேலிருக்கும் அரைவட்டத்திலும் பிசாசுகளையும் சிங்கங்களையும் பாவிகளை விழுங்கும் மீன்களையும் செதுக்கினார்கள். வளைவின் உச்சிக்கல் விழாதவரை எல்லாம் நிற்கும்.

"பிறகு வந்த கோதிக்காரருக்குப் பயம் தெளிஞ்சிட்டுது. யன்னலைக் கதவு மாதிரிப் பெரிசாக்கிப் போட்டினம். எனக்கெண்டால் பயந்தவையைத்தான் பிடிக்கும்."

அதைச் சொல்லும்போது அவர் சிரிக்கவில்லை. ஏனென்று அப்போது எனக்கு விளங்கவில்லை.

இந்தத் தேவாலயத்தின் சுவரோ, அவர் இன்னொரு முறை தட்டிக் காட்டியபோது, வெற்றுப் பெட்டி போல ஒலித்தது. இரண்டு வரிசைச் செங்கல், நடுவே காற்று. கூரை மரம், அதன் கீழே சாந்து. தடிப்பான சுவர் என்பது வேஷம். பயமே இல்லாதவன் பயந்தவன் போல நடித்துக் கட்டியது. அப்படியானால் தொள்ளாயிரம் வயது?

"வடிவத்துக்குத் தொள்ளாயிரம்" என்றார் அந்தோணி. அதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை.

அவர் பொய் சொல்வதில்லை என்பதைக் கவனித்தேன். கேட்பவர்கள் தாங்களே மிச்சத்தை நிரப்பிக்கொள்கிறார்கள். தபாலட்டை விற்கும் தாங்கி ஒன்று முன்வாசலில் ஒரு குறிப்பிட்ட இடத்தில் நிற்கிறது. நான் அதைச் சற்றே நகர்த்திப் பார்த்தேன். பின்னால் அடிக்கல்: 1927. வதந்தியின் முதல் பாதி அந்த இடத்திலேயே விழுந்தது. அந்தோணி தாங்கியைத் திரும்ப அதன் இடத்துக்குத் தள்ளிவிட்டு, எதுவும் நடக்காதது போல ஞானஸ்நானத் தொட்டியைப் பற்றிப் பேசத் தொடங்கினார்.

1927இல் இதைக் கட்டுவித்தவர் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார். தன் கிராமத்துத் தேவாலயத்தை நினைவிலிருந்து வரைந்து கொடுத்திருக்கிறார். அந்தக் கிராமத்துக் கோயில்தான் நிஜமான தொள்ளாயிரம். அதன் கதையை அவர் எழுதிவைத்த சிறு புத்தகத்தின் நகல் அந்தோணியின் மேசையில் இருக்கிறது. யாத்திரிகர் பாதையில் கட்டப்பட்டது. யாத்திரிகர்கள் வேறு பாதை கண்டுபிடித்துப் போய்விட்டார்கள். ஒரு யுத்தத்தில் கோபுரம் எரிந்தது. புரட்சியில் உள்ளே வைக்கோல் அடுக்கினார்கள். வைக்கோல் அடுக்கியதால்தான் கூரையைப் பழுதுபார்த்தார்களாம், இல்லாவிட்டால் அப்போதே போயிருக்கும். பிறகு வடக்கு வாசல் தானாக இடிந்து விழ, ஊர்ச்சபை கல்லையெல்லாம் பன்றித் தொழுவம் கட்ட விற்றது. பாதிரியார் கப்பல் ஏறும்போது அந்தக் குவியலிலிருந்து ஒரே ஒரு கல்லைப் பெட்டிக்குள் போட்டுக்கொண்டு வந்தார். மற்றக் கற்களுக்கு நடுவே பிரெஞ்சுப் பன்றிகள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தன.

அந்த ஒரு கல்தான் தெற்குச் சுவரில், வெளிப்பக்கம், தலை உயரத்தில் பதித்திருப்பது. யாளி.

எந்த வழிகாட்டியும் பொக்கிஷத்தின் முன்னால் நின்று நிதானமாகப் பேசுவான். அந்தோணி அதைப் பஸ்ஸைத் தவறவிடப் போகிறவர் போலக் கடந்தார். கல்லைப் பற்றிக் கேட்டால் பக்கத்திலிருந்த மழைத்தண்ணீர்க் குழாயின் விட்டத்தைச் சொன்னார். அந்தக் குழாயைப் பற்றி அவர் சொன்னதெல்லாம் சுவையாகத்தான் இருந்தது, ஆனால் அதற்காக நான் போகவில்லை.

பதினொரு மணிக்கு வேன் வந்தது. மெல்பேர்னிலிருந்து விமானத்தில் வந்து, விமான நிலையத்தில் வேன் பிடித்த பதின்மூன்று பேர். தலைவர் நாகராஜன். தமிழ்நாட்டுக்காரர், கணினித் துறையில் திட்ட மேலாளர், வார இறுதியில் வரலாற்று ஆய்வாளர். போன மாதம் மெல்பேர்னில் த பேசின் என்ற இடத்துப் பிள்ளையார் கோயிலுக்குக் கூட்டிப்போனாராம், இந்த மாதம் இங்கே. செய்தியின் ஊற்று அவர்தான். இந்தத் தேவாலயத்தில் நடக்கும் தமிழ்ப் பூசைக்கு வந்த யாரோ எடுத்த படம் எப்படியோ அவரிடம் போய்ச் சேர்ந்து, ஒரே இரவில் கட்டுரையாகி, ஜூம் சொற்பொழிவாகி, வேனாகியிருந்தது.

கல்லின் முன் நின்று அவர் விளக்கினார். ராஜேந்திர சோழனின் கடற்படை கடாரம் போனது எல்லாருக்கும் தெரியும், ஒரு கப்பல் வழிதவறி மேற்கே பிரான்ஸ் வரை போயிருக்காதா? கல் செதுக்கியது அதற்கு எண்பது வருஷம் கழித்து அல்லவா என்று கூட்டத்திலிருந்த ஒரு பெண் கேட்டார்.

"காத்து சரியில்லேன்னா லேட் ஆகும்ல மேடம்?" என்றார் நாகராஜன்.

அந்தோணி தலையைக் குனிந்து தன் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். கூட்டத்தில் ஒரு அம்மா கைப்பையைத் திறந்து குங்குமச் சிமிழை எடுத்து, யாளியின் கண்ணுக்கு மேலே ஒரு பொட்டு வைத்துக் கும்பிட்டார். அடுத்தவர் விபூதி. அந்தோணியின் மனைவி அன்னம்மா, பூச்சாடி மாற்றிக்கொண்டிருந்தவர், குழந்தைகளைத் துடைக்கும் ஈரத்தாளோடு வந்து எல்லாரும் போனபிறகு அதைத் துடைத்தார். துடைக்கும்போது கணவனைப் பார்த்த பார்வையில் ஏதோ இருந்தது.

"இஞ்சருங்கோ, இன்னும் எவ்வளவு நாளைக்கு?"

அந்தோணி குனிந்து தபாலட்டைகளை அடுக்கினார்.

நாகராஜன் போகுமுன் பங்குத்தந்தையைப் பார்த்துவிட்டுப் போனார். அடுத்த மாத முதல் ஞாயிறு, தமிழ்ப் பூசை முடிந்ததும், கல்லுக்குக் கீழே ஒரு பித்தளைப் பலகை. "சோழச் சிற்பியின் கைவண்ணம்" என்று எழுதுவது. செலவு முழுக்க மெல்பேர்ன் கூட்டத்துடையது. ஆட்கள் வந்தால் ரோல்ஸும் வடையும் விற்கும், பங்குக்கு நல்லது என்று பங்குத்தந்தை சம்மதித்தார். ஆனால் சுவரில் எதைப் பூட்டுவதானாலும் நகரசபையின் பாரம்பரியக் கட்டடப் பிரிவு வந்து பார்க்கவேண்டும். வியாழக்கிழமை ஒருவர் வருவார் என்று செவ்வாயன்று பதிலும் வந்துவிட்டது.

அடிக்கல்லைக் கண்டும் நான் யாரிடமும் சொல்லாததாலோ என்னவோ, புதன்கிழமை அந்தோணி எனக்குத் தொலைபேசி எடுத்தார். வீட்டுக்கு வரமுடியுமா என்றார். குசினிக்குள் கதிரையில் உட்காரவைத்து, தேத்தண்ணி தந்துவிட்டு, சீனிப் போத்தலை அங்குமிங்கும் நகர்த்தினார். அன்னம்மா கத்தரிக்காய் வெட்டிக்கொண்டே, "நீங்கள் சொல்லுறியளா நான் சொல்லவா?" என்றார். இவர் சொன்னார்.

இரண்டாயிரத்து ஒன்பதில் பெரிய மழை. தெற்குச் சுவர் ஊறிப் பொருமி, அந்தக் கல்லைக் கழற்றி நிலத்தில் வைக்கவேண்டி வந்தது. கழற்றுமுன் படம் எடுக்க யாருக்கும் தோன்றவில்லை. பங்கில் படம் வரையத் தெரிந்தவர் ஒரே ஆள். ஆகவே சுவரைத் திருப்பிக் கட்டுவதற்கான வரைபடத்தைக் கான் அந்தோணியிடம் கேட்டார்கள். அவர் வாழ்க்கையில் முதன்முதலாகத் தண்ணீர் ஓடாத ஒன்றை வரைந்தார். கல் பதிக்கும் நாளன்று கொத்தனார், வயதான இத்தாலியர், சதுரக் கல்லைக் கையில் உருட்டிப் பார்த்துவிட்டு, எந்தப் பக்கம் மேலே என்று கேட்டார். நாலு பக்கமும் சமன். எந்தப் பக்கம் வைத்தாலும் பொருந்தும். கரைந்துபோன கல்லில் எது தலை எது கால் என்று சொல்லமுடியவில்லை. எல்லாரும் அந்தோணியைப் பார்த்தார்கள்.

"நான் பார்த்தன். பார்த்த உடனே யாளி. பள்ளிக்கூடம் போற வழியில கோயில் தேர்முட்டியில இருந்தது மாதிரி அச்சொட்டா. துதிக்கை கீழ வரவேணும்தானே? இப்பிடி வையுங்கோ எண்டு சொன்னன்."

மூன்று மாதம் கழித்துப் பழைய அலமாரியைத் துப்புரவாக்கும்போது பாதிரியாரின் பெட்டியிலிருந்து ஒரு தபாலட்டை கிடைத்தது. பிரெஞ்சுக் கிராமம். இடியுமுன் இருந்த வடக்கு வாசல். வளைவைச் சுற்றி இதே போன்ற சதுரக் கற்கள், ஒவ்வொன்றிலும் ஒரே விலங்கு. பதுங்கி நிற்கும் சிங்கம். நாலு காலும் கீழே. பின்னங்கால்களுக்கிடையே புகுந்து முதுகுக்கு மேலே எழும்பும் வால், வால் நுனியில் ஓர் இலை.

அந்தத் தபாலட்டையை எனக்குக் காட்டினார். தலைகீழாகத் திருப்பினேன். வால் துதிக்கையானது. இலை மொட்டானது. மேலே நீட்டிய கால்கள் கொம்பும் கொடியுமாயின. கண் என்று நினைத்தது தொடையில் இருந்த சுழி. சிங்கத்தின் உண்மையான முகம் மூலையில் கரைந்துபோய், யாரும் கவனிக்காத ஒரு கட்டியாக இருந்தது. ஆக, மெல்பேர்னிலிருந்து விமானம் ஏறிவந்து தமிழினம் பொட்டு வைத்துக் கும்பிட்டது எந்த இடத்தில் என்பதை நாகரிகம் கருதி விட்டுவிடுகிறேன்.

இத்தாலியர் அப்போதே ஊருக்குத் திரும்பிவிட்டார், பிறகு இறந்தும் போனார். சீமெந்து இறுகிவிட்டது. தபாலட்டை கிடைத்த அன்றே அந்தோணி உள்ளே போய், தன் பெயர்ப் புனிதரான அந்தோனியாரின் சிலைக்கு முன் ஒரு நேர்த்தி வைத்தார். தொலைந்ததைக் கண்டுபிடித்துக் கொடுப்பவரிடம், இதை மட்டும் யாரும் கண்டுபிடிக்காமல் பார்த்துக்கொள்ளும், நான் வேலையிலிருந்து ஓய்ந்ததும் என் கையாலேயே அந்தக் கல்லை நேராக்கி வைக்கிறேன் என்று. புனிதர் தன் பங்கைச் செய்தார். ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை. அந்தோணி ஓய்ந்து ஆறு வருஷம். ஓய்ந்தவுடனே பெயர்ப்பட்டை வந்துவிட்டது. வழிகாட்டியே பிழையாக வைத்தவன் என்று தெரிந்தால் பட்டை என்ன ஆகும்? இந்த வருஷம், அடுத்த வருஷம் என்று போய்விட்டது.

"நாளைக்கு வாற பிள்ளை படிச்ச பிள்ளையாம். பார்த்த உடனே பிடிச்சிடும். பிறகு நான் திரும்பவும் கான்தான்."

வியாழக்கிழமை வந்தவர் ப்ரீத்தி. இருபத்தெட்டு வயது, இங்கே பிறந்த நம்மவர் பிள்ளை, கட்டடப் பாதுகாப்பில் பட்டம். தமிழ் விளங்கும், பதில் ஆங்கிலத்தில்தான் வரும். கல்லின் முன் நின்றார். தலையை ஒரு பக்கம் சாய்த்தார். மறுபக்கம் சாய்த்தார். கைபேசியில் படமெடுத்து, அந்தக் கைபேசியை மெதுவாகத் தலைகீழாகத் திருப்பினார். அன்னம்மா சிலுவை போட்டுக்கொண்டார்.

இதைப் பதித்தது யார் என்று ப்ரீத்தி ஆங்கிலத்தில் கேட்டார். பங்குத்தந்தை தெரியாது என்றார். இத்தாலியர் செத்துவிட்டார், அவர் தலையில் போட்டால் ஒருவரும் கேட்கப் போவதில்லை. அந்தோணி வாயைத் திறந்து, மூடி, திறந்தார்.

"நான்தான் பிள்ளை. பிழையா வைச்சிட்டன். இது சிங்கம்." சொல்லிக்கொண்டே பெயர்ப்பட்டையைக் கழற்றத் தொடங்கினார். ஊசி சட்டையில் சிக்கிக்கொண்டது.

ப்ரீத்தி கோப்பைத் திறந்து அவரிடம் காட்டினார். தேவாலயம் இரண்டாயிரத்துப் பதின்மூன்றில் நகரசபையின் பாரம்பரியப் பட்டியலில் சேர்க்கப்பட்டிருக்கிறது. ஒவ்வொரு அம்சத்துக்கும் படம், விவரணை. பக்கம் ஒன்பதில் கல். "யானை போன்ற விலங்கு, துதிக்கையில் மலர், மூலம் தெரியவில்லை." பட்டியலிட்ட நாளில் எப்படி இருந்ததோ அப்படியே காப்பாற்றவேண்டும் என்பது விதி. மாற்றினால் அபராதம்.

"அங்கிள்" என்று அவர் அன்று பேசிய ஒரே தமிழ் வாக்கியத்தைச் சொன்னார், "தலைகீழா இருக்கிறதுதான் இப்ப ஹெரிட்டேஜ்."

நேராக்க வழியே இல்லையா என்று அந்தோணி கேட்டார். இருக்கிறது. விண்ணப்பம் போடலாம். முப்பத்தெட்டுப் பக்கம். பையிலிருந்து ஒரு பிரதியை எடுத்துக் கொடுத்தார். பலகை வைக்கத் தடையில்லை, ஆனால் நிரூபிக்க முடிந்ததை மட்டுமே எழுதவேண்டும் என்றும் சொன்னார். வாசகத்தை ப்ரீத்தியே திருத்தி அனுப்புவதாக ஏற்பாடு. பெயர்ப்பட்டையைப் பங்குத்தந்தை தன் கையாலேயே நேராகக் குத்திவிட்டார். ஆள் இல்லாவிட்டால் சனிக்கிழமை யார் கதவு திறப்பது?

பலகை நாள் வந்தது. வேன் இரண்டாகியிருந்தது. ஸ்ட்ராத்ஃபீல்டிலிருந்து மாணவர் கூட்டம் ஒன்றும் ரயிலில் வந்து இறங்கியது, வடைக்காகத்தான் என்று நினைக்கிறேன். துணியை விலக்கினார்கள். நாகராஜன் முதல் ஆளாகக் குனிந்து படித்தார். "பிரான்சில் இருந்து வந்த, ஏறத்தாழத் தொள்ளாயிரம் ஆண்டுப் பழைமையான இந்தக் கல்லை, இன்று காணப்படும் நிலையில் இங்கே அமைத்தவர் ஒரு தமிழர்."

சோழர் எங்கே என்று தேடிய அவர் முகம் ஒரு கணம் சுருங்கியது. பிறகு கடைசி இரண்டு சொல்லில் கண் நின்றது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"கவர்மென்ட்டே ஒத்துக்கிட்டாங்க சார்" என்றார் என்னிடம். நான் மறுக்கவில்லை. பலகையில் ஒரு எழுத்துக்கூடப் பொய்யில்லை. வதந்தியிலும் பாதி உண்மைதான் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. தமிழன் ஒருவன் அந்தத் தேவாலயச் சுவரில் யாளி வைத்தது நிஜம். தேதியில்தான் எண்ணூற்றுச் சொச்சம் வருஷம் பிசகு.

வழிகாட்டி இரண்டு வார்த்தை பேசவேண்டும் என்றார்கள். அந்தோணி ஒலிவாங்கியைப் பிடித்தார். "இதை வைச்சவன் நான்தான்" என்றார். "யாளி எண்டு நினைச்சுத் தலைகீழா வைச்சிட்டன். மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

டொக்டர் அந்தோணியும் கேட்டரிங் அந்தோணியும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். நாகராஜன் பாய்ந்து ஒலிவாங்கியை வாங்கினார்.

"இந்தத் தன்னடக்கம் இருக்கு பாருங்க, இதுதான் தமிழன்."

கைதட்டல் ஓய ஒரு நிமிஷம் ஆனது. அந்தோணிக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். கொங்கிரீட் குழாய்க்குக் கிடைக்காத பொன்னாடை. அவர் அதைப் போர்த்திக்கொண்டு, உண்மையைச் சொல்லியும் பிடிபடாத மனிதனின் முகத்தோடு நின்றார். அதைப் போலப் பரிதாபமான முகத்தை நான் கண்டதில்லை. அன்னம்மா மட்டும் கைதட்டவில்லை. வடைத் தட்டைப் பிடித்திருந்தார் என்பது ஒரு காரணம்.

அடுத்த செவ்வாய்க்கிழமை பல் வைத்தியரிடமிருந்து புதிய செய்தி வந்தது. சோழர்கள் விலங்குகளைத் தலைகீழாகச் செதுக்கும் ரகசிய நுட்பத்தை அறிந்திருந்தார்களாம். பத்துப் பேருக்கு அனுப்பவேண்டுமாம்.

இதற்குப் பிறகு நான் இரண்டு சனிக்கிழமை அங்கே போனேன். கூட்டம் கூடியிருக்கிறது. அடிக்கல்லை மறைக்கும் தாங்கியை அந்தோணி தானாகவே விலக்கி வைத்துவிட்டார். இப்போது கல்லின் முன் நின்று, இது சிங்கம், தலைகீழாக இருக்கிறது, என் பிழை என்று எல்லாருக்கும் சொல்கிறார். வந்தவர்கள் கல்லைப் பார்க்கிறார்கள், பலகையைப் பார்க்கிறார்கள், அவர் தோளைத் தட்டிக்கொடுத்துவிட்டு யாளியோடு படம் எடுத்துக்கொள்கிறார்கள்.

ஒரு மாற்றம். புனித அந்தோனியாரின் சிலை தெற்கு வாசலுக்குப் பக்கத்தில் இருக்கிறது. அந்தோணி இப்போதெல்லாம் வடக்கு வாசலால் உள்ளே போகிறார். சுற்றிக் காட்டும்போதும் சிலையிருக்கும் பக்கத்தை, முன்பு கல்லைக் கடந்த வேகத்தில் கடக்கிறார். முப்பத்தெட்டுப் பக்க விண்ணப்பம் மேசையில், பாதிரியாரின் புத்தகத்துக்குக் கீழே இருக்கிறது. பதின்மூன்று கேள்விகளுக்கு அழகான வரைவாளர் கையெழுத்தில் பதில் நிரப்பியிருக்கிறார். கல்லின் நீளம், அகலம், தடிப்பு, பக்கத்துக் குழாயின் விட்டம். கேட்காத குழாய்க்கு ஒரு தனிப்படமே வரைந்திருக்கிறார். பதினான்காம் கேள்வி, மாற்றத்துக்கான காரணம். அந்த இடம் அழித்தழித்துக் கடதாசி மெலிந்திருக்கிறது.

நேர்த்தி என்று எழுதலாமே என்றேன். நகரசபைக்கு அது விளங்காது என்றார். அந்தோனியார் கேட்டால் என்ன சொல்வீர்கள் என்றேன்.

"அவர் கேக்கமாட்டார். அதுதான் கரைச்சல்" என்றுவிட்டு, வாசலில் வந்து நின்ற வேனைப் பார்த்துப் பெயர்ப்பட்டையை நேராக்கிக்கொண்டு, வடக்கு வாசலால் வெளியே போனார்.